எந்தப் பை தேவலை? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

துணிப்பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட நல்லது என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வரும். தினமும் கடைக்குப் போனாலும் 19 வருஷத்துக்கு மேல் ஆகும். அதைப் படித்துவிட்டு “அப்போ மஞ்சப்பை எல்லாம் சும்மா விளம்பரமா?” என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். “பிளாஸ்டிக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது” என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். எண் பொய்யில்லை. எந்தக் கேள்விக்கு வந்த விடை அது என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்குள்ள சூப்பர் மார்க்கெட் பைகளை எடுத்துக்கொண்டு, மூலப்பொருள் கிளம்பும் இடத்திலிருந்து குப்பையாகி முடியும் இடம் வரை ஒவ்வொன்றும் என்ன கேடு செய்கிறது என்று பல தலைப்புகளில் அளந்தார்கள். புவி வெப்பமாவது ஒரு தலைப்பு, தண்ணீர் ஒன்று, ஓசோன் படலம் ஒன்று, இப்படி. வெப்பமாவதை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப்பை 52 தடவை பயன்பட்டால் போதும், பிளாஸ்டிக்கோடு கணக்கு நேராகிவிடும். எல்லாத் தலைப்பிலும் நேராக வேண்டும் என்றால், பருத்தி மிக மோசமாக வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஓசோன் தலைப்பு 7,100-க்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஆர்கானிக் பருத்தி இன்னும் மோசம்: 149-ம் 20,000-மும். அதற்கு ஒரு காரணம், அவர்கள் எடுத்த ஆர்கானிக் பை அளவில் சிறியது. ஒரு பைச் சாமானுக்கு இரண்டு பை என்று கணக்கில் வைத்துவிட்டார்கள்.

இதற்கு முன்பே, 2011-இல், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையும் இதே மாதிரி ஒன்று செய்திருந்தது. அவர்கள் ஒப்பிட்டது நம்ம ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் சரசர மெல்லிய கவர் வகையோடு. ஒரே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அந்தக் கவரை வெப்பமாதலில் சமன் செய்யக் காகிதப் பை 3 தடவை, கனமான பிளாஸ்டிக் பை 4, துணி மாதிரி இருக்கும் ‘நான் ஓவன்’ பை 11, பருத்திப்பை 131 தடவை உழைக்க வேண்டும். வாங்கிய கவரையெல்லாம் வீட்டில் குப்பைக்கூடைக்கு உறையாகப் போடுபவராக இருந்தால் பருத்திக்கு அந்த எண் 327 ஆகிவிடும். ஏனென்றால் அவருடைய கவர் இரண்டு வேலை பார்த்துவிட்டது. குப்பைக்கென்று தனியாக ஒரு பை வாங்க வேண்டியிருக்கவில்லை.

டென்மார்க்கில் 52, இங்கிலாந்தில் 131 என்று இவ்வளவு வித்தியாசம் வருவதற்கு முக்கியக் காரணம் எதிரில் நிற்கும் பைதான். டென்மார்க் கடைகளில் கொடுப்பது கனமான பிளாஸ்டிக் பை, அதைத் தோற்கடிப்பது சுலபம். மெல்லிய கவரில் பிளாஸ்டிக்கே சில கிராம்தான், அதை எடையில் ஜெயிப்பது கஷ்டம். 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, பருத்திக்கு 50 முதல் 150, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த கனமான பைக்கு 10 முதல் 20, காகிதத்துக்கு 4 முதல் 8 என்று சொன்னது. நம்ம ஊருக்கு இந்த வரம்பை எடுத்துக்கொள்ளலாம். 7,100-ஐ மறந்துவிடலாம்.

சரி, கணக்கில் மெல்லிய கவர் இவ்வளவு சாது என்றால் அதை ஏன் தடை செய்தார்கள்?

மெல்லிய கவர்

கார்பன் விஷயத்தில் அது சாதுதான். இங்கிலாந்து ஆய்வின்படி ஒரு கவருக்குச் சுமார் 20 கிராம் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் அரை கிலோமீட்டர் போனாலே அந்தக் கவரைத் தாண்டிவிடுகிறோம். தெருமுனைக் கடைக்கு வண்டியில் துணிப்பையோடு போகிறவரைவிட, நடந்துபோய்க் கவரில் வாங்கி வருபவர் வெப்பக் கணக்கில் முன்னால் நிற்கிறார். கேட்கக் கசக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

அதன் பிரச்சினை புகையில் இல்லை, போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் ஒரு பை கடைசியில் குப்பைக்கூடைக்குள் உறையாகி, அங்கிருந்து எரி உலைக்குப் போய், கரண்ட்டாகவும் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீராகவும் மாறுகிறது. அந்த நாட்டுக் கணக்கில் சாக்கடையில் அடைத்துக்கொண்ட பை என்று ஒரு வரியே தேவைப்படவில்லை. நமக்கு அந்த வரிதான் முதல் வரி. உலகத்திலேயே முதல் நாடாக வங்கதேசம் 2002-இல் மெல்லிய பைகளைத் தடை செய்ததற்குக் காரணம் வெள்ளத்தின்போது டாக்கா நகரத்தின் வடிகால்களை அடைத்துக்கொண்டு நின்ற கவர்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வளவு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது என்பது வேறு விஷயம். இருந்தாலும் அடைத்துக்கொண்ட வடிகால் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

அப்புறம் மாடு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவுக்கு மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்து வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். மிச்சச் சாம்பாரையும் சோற்றையும் கவரில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, கவரோடு சேர்த்து விழுங்கிவிடும். டென்மார்க்கின் எந்தத் தலைப்பிலும் இந்தப் பசு வராது.

மறுசுழற்சி இருக்கிறதே என்பார்கள். பழைய பேப்பர் கடையில் கேட்டுப் பாருங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், அது கனம், ஒரே ரகம், எடை நிற்கும். மளிகைக் கவரைக் கொண்டுபோனால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு கிலோ சேர்வதற்கு நூற்றுக்கும் மேல் பொறுக்க வேண்டும், அதிலும் பாதியில் மீன் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், இந்த மாதிரிக் கழிவு பிளாஸ்டிக்கைத் துருவி சூடான ஜல்லியோடு கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார், 2018-இல் அதற்காகப் பத்மஸ்ரீ விருதும் வாங்கினார். நல்ல வழிதான். ஆனால் சாலைக்குப் போவதற்கு முன்னால் யாராவது அதைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவ வேண்டுமே.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. மத்திய அரசின் விதி வேறு மாதிரி: 120 மைக்ரானுக்குக் (0.12 மில்லிமீட்டர்) குறைந்த தடிமனுள்ள பை கூடாது என்பது 2022 டிசம்பர் 31-இல் அமலுக்கு வந்தது. தடிமன் கூடினால் காற்றில் பறக்காது, பொறுக்குகிறவருக்கும் எடை நிற்கும், கடைக்காரரும் விலை கட்டுப்படியாகாமல் சும்மா நீட்ட மாட்டார் என்பதுதான் அந்த மைக்ரான் கணக்கின் நியாயம். பூக்கடையிலும் இட்லிக் கடையிலும் இன்னும் என்ன புழங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

துணி மாதிரி நடிக்கும் பை

இந்த ஒப்பீட்டில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான். தடை வந்த பிறகு பல கடைகளில் “சார், துணிப்பை” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவுமாக நூல் ஓடாது, வரிசை வரிசையாகக் குட்டிப் புள்ளிகள் அழுத்தியிருக்கும். பாலிப்ரொப்பிலீனை உருக்கி, இழை இழையாகத் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டிய ‘நான் ஓவன்’ ரகம் அது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி நெருப்பில் காட்டுங்கள். சுருண்டு, உருகி, சொட்டும். பருத்தி அப்படியே எரிந்து சாம்பலாகும், காகிதம் கருகிய வாசனை வரும்.

எண்ணை மட்டும் பார்த்தால் இது மோசமில்லை. இங்கிலாந்தில் 11 தடவை, டென்மார்க்கில் 6 தடவை என்றால் யாரும் செய்துவிடலாம். ஆனால் அந்த ஆய்வுகளில் வருவது சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கனமான, நன்றாகத் தைத்த பை. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது கொசுவலை மாதிரி மெலிந்த ஒன்று. தையல்கூடக் கிடையாது, சூட்டில் ஒட்டியது. இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் கைப்பிடி கழன்று கையோடு வரும். பதினோரு தடவைக்கு ஆயுசே இல்லாத பைக்குப் பதினோரு தடவைக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

வெயில் இன்னொரு எமன். இந்த ரகப் பையைச் சமையலறை ஜன்னல் ஆணியில் மாட்டி வையுங்கள். கொஞ்ச நாள் வெயில் ஏற ஏறச் சாயம் வெளுக்கும், அப்புறம் தொட்டால் வெள்ளைச் செதிலாகக் கையில் ஒட்டும். ஒரு நாள் எடுக்கும்போது பை இருக்காது, பொடிதான் இருக்கும். கவராவது முழுசாகக் கிடக்கிறது, பொறுக்கி எடுக்கலாம். இதைக் கூட்டித்தான் அள்ள வேண்டும், அதிலும் பாதி காற்றோடு போய்விடும். 2019 தடைப் பட்டியலிலேயே இந்தப் பையின் பெயரும் இருந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

பருத்தி: எத்தனை பை வைத்திருக்கிறீர்கள்?

பருத்திப்பையின் சுமை வயலில் ஆரம்பிக்கிறது. ஒரு கிலோ பஞ்சுக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர். நூறு கிராம் எடையுள்ள ஒரு பைக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பருத்தி பெரும்பாலும் மானாவாரி, அதனால் இதில் மழைத்தண்ணீரும் சேர்த்திதான். மேலே உரம், பூச்சிமருந்து, நூற்பாலைக்கு மின்சாரம், தறிக்கு மின்சாரம்.

கடைசியில் சாயம். பையின் மஞ்சளுக்கு வருவோம். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப்போனது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு வரும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பைக்குச் சாயம் போட்டதால் நொய்யல் கெட்டது என்று சொல்ல வரவில்லை, அது ஏற்றுமதிப் பனியனின் வேலை. ஆனால் காடாத்துணியை அப்படியே பழுப்பு நிறத்தில் தைத்தால் ஒரு கட்டச் சுமை மொத்தமாகக் குறைகிறது. பைக்கு நிறம் எதற்கு? மஞ்சளாக இருந்தால்தான் மஞ்சப்பை என்று அடம்பிடிக்க வேண்டாம்.

சுமையைக் குறைக்க இன்னொரு வழி நம்ம ஊரிலேயே இருக்கிறது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுத்துணியைத் திரும்பப் பஞ்சாக்கி நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நிறைய. அந்த நூலில் நெய்த துணிக்குப் புதிதாக ஒரு செடியும் நட வேண்டியதில்லை, வயல் தண்ணீர்க் கணக்கும் பூச்சிமருந்துக் கணக்கும் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மொத்தமாகப் பை வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது புதுப் பஞ்சு நூலா, கழிவுப் பஞ்சு நூலா என்பதுதான். பார்வைக்குக் கொஞ்சம் முரடாக இருக்கும். பைக்கு அது குறையே இல்லை.

இப்போது 131-ஐ வீட்டுக்குக் கொண்டு வருவோம். ஒரே ஒரு துணிப்பை வைத்திருக்கிறீர்கள், தினமும் அதோடு கடைக்குப் போகிறீர்கள் என்றால் ஐந்து மாதத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும். அதற்கு மேல் அந்தப் பை உழைப்பதெல்லாம் லாபம். நல்ல காடாத்துணிப் பை மூன்று நான்கு வருஷம் சாதாரணமாக வரும். ஆக, பருத்தி ஜெயிக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் ஒரு பையா இருக்கிறது? கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பை. காதுகுத்துக்கு ஒன்று, அறுபதாம் கல்யாணத்துக்கு ஒன்று. புத்தகக் கண்காட்சியில், மருத்துவ முகாமில், சுற்றுச்சூழல் தினக் கூட்டத்தில் ஒவ்வொன்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பைக்குள் இன்னொரு பை என்று இருபது தேறும். இருபதும் 131 தடவை உழைக்க வேண்டும் என்றால் 2,620 தடவை கடைக்குப் போக வேண்டும். தினமும் ஒரு தடவை போனாலும் ஏழு வருஷம். அதற்குள் இன்னும் எத்தனை கல்யாணம் வருமோ. பருத்தி தோற்பது இந்த இடத்தில்தான். அதோடு தாம்பூலப் பையின் அளவு ஒரு தேங்காய்க்கும் நாலு வெற்றிலைக்கும் போட்டது. கத்திரிக்காய் அரைக் கிலோவுக்கு மேல் அதில் ஏறாது. சும்மா வந்த பை என்பதால் கூசாமல் கரித்துணியாக்கிவிடுகிறோம். ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த இயக்கத்தில் எனக்குப் பிடித்த அம்சம், பத்து ரூபாய் போட்டால் பை கொடுக்கும் இயந்திரம். கோயம்பேடு சந்தையில் வைத்தார்கள். பத்து ரூபாய் கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனசு வராது. மேடையில் வைத்துச் சும்மா விநியோகிக்கும் பைகள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

காகிதமும் சணலும்

காகிதத்துக்கு நல்ல பெயர் தேவைக்கு மேலேயே கிடைத்திருக்கிறது. இங்கிலாந்து ஆய்வில் மெல்லிய கவர் சுமார் 8 கிராம், அதே வேலைக்கான காகிதப் பை சுமார் 55 கிராம். ஏழு மடங்கு எடை என்றால் லாரிக்கும் கோடவுனுக்கும் அத்தனை மடங்கு வேலை. மரக்கூழ் காய்ச்சத் தண்ணீரும் ரசாயனமும் ஏராளம். கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுப்பதால் மரம் வெட்டுவது குறைகிறது, தண்ணீர் தேவை இருக்கத்தான் செய்கிறது. மூன்று முதல் எட்டுத் தடவை பயன்பட்டால் காகிதப் பை தேறிவிடும் என்கிறார்கள். நவம்பர் மாதச் சென்னையில் காகிதப் பை மூன்று நாள் தாங்கியதைப் பார்த்தவர் யார்? அதற்கு ஒரே பலம், சாக்கடையில் விழுந்தாலும் கரைந்துவிடும். ரொட்டிக்கடைக்கும் வளையல் கடைக்கும் சரி. மருந்துக் கடையில் ஒரு அட்டை மாத்திரைக்கு எதற்குக் காகித உறை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரலாம். பழைய செய்தித்தாளை மடித்து ஒட்டிய உறை புதிதாக எதையும் கேட்பதில்லை, அதனால் கணக்கில் ரொம்ப நல்லது. அதில் வடை, பஜ்ஜி மட்டும் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

சணல் கங்கைச் சமவெளிப் பயிர். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் மழையிலேயே நாலு மாதத்தில் வளர்ந்துவிடும், பருத்தி அளவுக்கு மருந்து கேட்காது. பை முரட்டு உழைப்பு உழைக்கும். ஒரு விஷயம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கடையில் அழகாக நிற்கும் சணல் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. பை விறைப்பாக நிற்பது அதனால்தான். அப்படி ஒட்டியது மக்கவும் மக்காது, மறுசுழற்சிக்கும் போகாது.

மக்கும் பிளாஸ்டிக் என்று பச்சை எழுத்துப் போட்டு வரும் கவர்களைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். சுமார் 58 டிகிரி சூட்டில் நடத்தும் உரக்கிடங்கில்தான் அவை சொன்னபடி மக்கும். தெருவோரச் சாக்கடையில் அந்தச் சூடு கிடையாது, அதுவும் அடைத்துக்கொள்ளும்.

கட்டைப்பை, ஒயர் கூடை

யாரும் பெருமையாகப் பேசாத, ஆனால் எண்ணிக்கையில் ஜெயிக்கிற பை கட்டைப்பைதான். துணிக்கடையில் புடவை எடுத்தால் கொடுப்பார்களே, நெய்த பிளாஸ்டிக்கில் பளபளவென்று படம் போட்டு, மேலே கைப்பிடிக்குக் கட்டை வைத்து. அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், ஆனால் தூவி ஒட்டியது இல்லை, நாடா நாடாகத் தறியில் நெய்தது. டென்மார்க் ஆய்வில் நெய்த ரகத்துக்கு வெப்பக் கணக்கில் 5 தடவை, எல்லாத் தலைப்பிலும் மோசமானதை எடுத்தால்கூட 45 தடவை. பருத்தியின் 52-க்கும் 7,100-க்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது துணி வைக்க, பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்க, ரேஷன் அரிசி தூக்க என்று ஒரு கட்டைப்பை ஒரு வீட்டில் படும் பாட்டுக்கு 45 தடவையெல்லாம் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். மழையில் நனையாது, துடைத்தால் போதும். பத்துக் கிலோவுக்கு அசராது.

இதற்குத் தம்பி முறை வாரச்சந்தைகளில் விற்கும் சாக்குப் பை. அரிசி, உர மூட்டைச் சாக்கை வெட்டித் தைத்துக் கைப்பிடி போட்டது. பை என்ற வகையில் அதற்குப் புதிதாகச் செலவான பிளாஸ்டிக் கிட்டத்தட்ட இல்லை. உரச் சாக்கில் தைத்ததில் அரிசி பருப்பு மட்டும் நேரடியாகக் கொட்டாதீர்கள். ஒயர் கூடையையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஒயர்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து பின்னியது. அடியில் மீன் தண்ணீர் வடிந்தாலும் குழாயடியில் காட்டிக் கவிழ்த்துவிடலாம். ஒரு கூடை பத்து வருஷம் தாண்டுவது அதிசயமில்லை. கைப்பிடி ஒயர் அறுந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அப்படிச் சரிசெய்யக்கூடிய பை வேறு எது இருக்கிறது? ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, அதற்கு பிளாஸ்டிக்கும் இல்லை, பாசனமும் இல்லை. வண்டியில் வைத்து நசுக்கினால்தான் தாங்காது.

கட்டைப்பையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஓரம் கிழிந்தால் நாடா நாடாக உரிய ஆரம்பிக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும், உரிந்த பையை வெயிலில் போட்டு வைத்தால் நான் ஓவன் கதைதான். நல்லவேளையாக இதற்கு எடை இருக்கிறது, ஒரே ரகம் என்பதால் பழைய சாமான் கடையில் சாக்கோடு சேர்த்துப் போடலாம்.

ஆக, நான் எதை எடுப்பேன்?

முதலில், ஏற்கெனவே வீட்டில் இருப்பதை. பழைய வேட்டியிலோ பேண்ட்டிலோ தைத்த பைக்கு எந்த ஆய்வும் பக்கத்தில் வர முடியாது, துணியின் பாவமெல்லாம் வேட்டியின் கணக்கில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அது இல்லாமல் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், காய்கறி, மளிகைக்கு ஒரு கட்டைப்பை அல்லது சாக்குப் பை. வண்டியின் சீட்டுக்கடியிலோ கைப்பையிலோ மடித்து வைக்கச் சாயமில்லாத காடாத்துணிப் பை ஒன்று. ஒன்றுதான். மடித்து வைக்கும் இந்தப் பைதான் கவரை நிஜமாகக் குறைக்கும், ஏனென்றால் கடைக்காரர் நீட்டும் கவரை நாம் வாங்குவது பெரும்பாலும் ஆபீஸ் விட்டு வரும் வழியில், கையில் எதுவும் இல்லாத நேரத்தில். பருத்தியா சணலா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பை இருப்பதுதான் முக்கியம். நான் ஓவன் பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவற்றை வெயில் படாத இடத்தில் வைத்துக் கிழியும்வரை உழைக்க வைக்கலாம்.

இந்தப் பைகள் எதுவும் தீர்க்காத ஒன்று ஈரச் சாமான். மீன், கறி, தயிர், மாவு, சாம்பார் பார்சல். துணிப்பையோடு போகிறவர்கூட உள்ளே ஐந்து கவரோடுதான் திரும்புகிறார். கால் கிலோ தக்காளிக்கு ஒன்று, பச்சை மிளகாய்க்கு ஒன்று, கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலைக்குக்கூட ஒன்று. காய்களை ஒன்றாகக் கொட்டி வீட்டில் பிரித்துக்கொள்ளலாம், தக்காளியை மட்டும் கடைசியில் போடச் சொன்னால் போதும். கறிக்கும் மீனுக்கும் மூடி போட்ட தூக்குவாளி. கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். தராசில் பாத்திரத்தை வைத்து எடையைக் கழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையிலிருந்து நாம் கேட்காமலே கை நீட்டி வாங்கிக்கொள்வார், அவருக்கும் கவர் மிச்சம்.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் தாம்பூலப் பை அச்சடிக்கக் கொடுக்கும் முன்னால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அளவு 14-க்கு 16 அங்குலமாவது இருக்கட்டும், அப்போதுதான் அதைக் காய்கறிக்கு எடுத்துப் போவார்கள். கைப்பிடி தோளில் மாட்டும் நீளம் வேண்டும், அது சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் இல்லாமல் கட்டம் போட்டுக் குறுக்குத் தையல் வேண்டும். பை முதலில் கிழிவது அங்கேதான். நிறம் வேண்டாம். மணமக்கள் பெயரையும் தேதியையும் ஒரு ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள், பெரிய போட்டோவாகப் போட்ட பையை அடுத்தவர் கல்யாணம் என்று மீன் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகச் சங்கடப்படுகிறார்கள். ஆளுக்கு ஒன்று என்று இல்லாமல் குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணிச் சொன்னால், இதே செலவில் கனமான துணியாகவே வாங்கிவிடலாம்.